நீர் கொதிக்கையில் இரசம் நிற்பதேன்?

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை அறிவேன். அவ்வாறிருந்தும் வெப்பவியல் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நீண்ட விடுமுறையிற் சென்றிருந்தார். பயிற்றப்பட்ட ஆசிரியன் எதையும் கற்பிக்க வல்லவன் என்னும் நம்பிக்கையிலோ, வேறு ஆளில்லாத காரணத்தாலோ, அவ்வகுப்பின் விஞ்ஞானப் பாடம் ஒரு தவணைக் காலம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆய்வுகூடத்தில் மதுசார விளக்கின் மேல் நீர் நிறைந்த முகவையொன்றை வைத்து, அதனுள் வெப்பமானியைத் தொங்கவிட்டோம். இரசம் மெல்ல ஏறிற்று. நூறாம் பாகையை அணுகியதும் நீர் கொதித்தது. இரசம் அங்கேயே நின்றுவிட்டது. "இதுவே நீரின் கொதிநிலை, குறித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி அடுத்த பாடத்துக்குச் செல்ல முற்பட்டேன். பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, "ஐயா, இரசம் ஏன் மேலும் ஏறவில்லை?" என்றான். "அது நீரின் இயல்பு, தம்பி" என்றேன். "விளக்கு இன்னும் எரிகின்றதே, ஐயா. அந்த வெப்பம் எங்கே போகின்றது?" என்று அவன் திரும்பவும் கேட்டான்.

என்னிடம் விடை இருக்கவில்லை. நாளை சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டு அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். அந்த ஒரு வினாவைப் பிடித்துக்கொண்டு போனால் வெப்பவியலின் பெரும்பகுதியைச் சுற்றி வந்துவிடலாம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

முதலிற் சொற்களைத் தெளிவாக்குவோம். அது என் தொழிலுங்கூட. நாம் அன்றாடம் வழங்கும் 'சூடு' என்னும் சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களைத் தன்னுள் அடக்கியிருக்கின்றது. எரியும் ஊதுபத்தியின் நுனி பல நூறு பாகை வெப்பநிலையுடையது. அது உதிர்ந்து கையில் விழுந்தால் சுரீரென்று ஒரு கணம் சுடும், அவ்வளவே. குளிப்பதற்காக இளஞ்சூடாக்கிய ஒரு வாளி நீரின் வெப்பநிலை நாற்பது பாகைதான். எனினும் ஊதுபத்தி நுனியைக் கொண்டு அந்த வாளி நீரைச் சூடாக்க ஒருவராலும் இயலாது. நுனியில் உயர்ந்திருப்பது வெப்பநிலை. வாளியில் மிகுந்திருப்பது சத்தி. அச்சத்தி ஒரு பொருளிலிருந்து குளிர்ந்த மற்றொரு பொருளுக்குப் பாயும்போது அதனை வெப்பம் என்கிறோம். கிணற்று நீரின் மட்டம் வேறு, கிணற்றிலுள்ள நீரின் அளவு வேறு என்பதை அறியாத கமக்காரன் இல்லை. மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு நீர் பாய்வது போலவே, வெப்பநிலை உயர்ந்த பொருளிலிருந்து தாழ்ந்த பொருளுக்கு வெப்பம் பாய்கின்றது. 'வெப்பநிலை' என்னும் சொல்லில் வரும் 'நிலை' இம்மட்டத்தையே குறிக்கின்றது. எவர் ஆக்கினாரோ, நல்ல சொல். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியான விபுலானந்த அடிகள் 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சியிற் பங்கேற்றதும், பின்னர் ஈழத்தில் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டதும் வீண்போகவில்லை.

வெப்பமானி அளப்பது இந்த மட்டத்தை மட்டுமே. இரசத்தை அடைத்த நம்பகமான வெப்பமானியைச் செய்தவர் பரனைற்று என்னும் கருவியாளர். தமது அளவையை அவர் 1724 ஆம் ஆண்டு வெளியிட்டார். நம் வீடுகளிற் காய்ச்சலை 'நூற்றிரண்டு' என்று சொல்லும்போது இன்றும் அவரது அளவையிலேயே பேசுகிறோம். சுவீடன் தேசத்து வானியலறிஞரான அந்தேசு செல்சியசு 1742 இல் நூறு பாகை அளவையை அமைத்தார். அவர் நீரின் கொதிநிலைக்குப் பூச்சியமும் உறைநிலைக்கு நூறும் குறித்திருந்தார் என்பது மாணவர் பலர் அறியாத செய்தி. அதனைத் தலைகீழாக்கியது பிற்காலத்தவரே. எனவே பூச்சியமென்றும் நூறென்றும் நாம் சொல்வன மனிதர் தம் வசதிக்காக நட்ட எல்லைக் கற்களேயன்றி இயற்கை இட்டவை அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன், பின்னர் உதவும்.

இனி அந்த மாணவனின் வினாவுக்கு வருவோம். அவனுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட ஒருவர் அதே வினாவைக் கேட்டிருக்கிறார். கொத்துலாந்து நாட்டின் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் இரசாயனமும் கற்பித்த யோசேப்பு பிளாக்கு என்பவரே அவர். பனிக்கட்டி உருகுநிலையை அடைந்ததும் சிறிதளவு வெப்பம் பெற்றவுடன் முழுவதும் நீராகிவிடும் என்று அக்காலத்தவர் எண்ணியிருந்தனர். அவ்வாறாயின் குளிர்நாடுகளில் வசந்தகாலத்தின் முதல் வெயிலிலேயே மலைப்பனி முழுவதும் உருகி ஊர்களை அடித்துச் சென்றிருக்க வேண்டுமே என்று பிளாக்கு சிந்தித்தார்.

அவர் செய்த பரிசோதனை மிக எளியது. ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஒன்றிற் பனிக்கட்டியையும், மற்றொன்றில் பனிக்கட்டியளவு குளிர்ந்த நீரையும் சம நிறையாக எடுத்து ஒரு பெரிய மண்டபத்தில் தொங்கவிட்டார். குளிர்நீர் 33 பரனைற்றுப் பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏற அரைமணி நேரம் சென்றது. பனிக்கட்டி உருகி அதே 40 பாகையை அடையப் பத்தரை மணி நேரம் சென்றது. அஃதாவது இருபத்தொரு மடங்கு நேரம். மண்டபத்து வளி இரண்டு குடுவைகளுக்கும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் வெப்பம் அளித்ததாகக் கொண்டால், பனிக்கட்டி பெற்ற வெப்பம் ஏழின் இருபத்தொரு மடங்கு, 147 பங்கு. உருகிய நீரை 40 பாகைக்கு உயர்த்தச் செலவானது அதில் எட்டுப் பங்கு. எஞ்சிய 139 பங்கு வெப்பமானியிற் சிறிதும் காட்டாமல் பனிக்கட்டிக்குள் மறைந்துவிட்டது! இன்றைய நுண்கருவிகள் தரும் விடை ஏறத்தாழ 143. கடிகாரமொன்றும் வெப்பமானியொன்றும் கொண்டு அவர் எவ்வளவு அண்மையிற் சென்றார் என்பதை மாணவர் கவனிக்க வேண்டும்.

மறைந்து நிற்கும் இவ்வெப்பத்துக்கு அவர் இலத்தீன் மொழியிலிருந்து பெயர் சூட்டினார். நாம் அதனை மறைவெப்பம் என்கிறோம். தமிழகத்துப் பாடநூல்களில் உள்ளுறை வெப்பம் என்பர். எனக்குப் பின்னதே இனிக்கின்றது. உள்ளுறை உவமம் கற்பித்துப் பழகிய தமிழாசிரியனுக்கு, வெளியே தோன்றாது உள்ளே நின்று பயன் தரும் ஒன்றை உள்ளுறை என்று அழைப்பதன் நயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கிராம் பனிக்கட்டியை நீராக்க ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். அதே ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை உயர்த்த நூறு கலோரிதானே! கொதிநீரை ஆவியாக்குவதற்கு அதனிலும் ஐந்து மடங்குக்கு மேற் செலவாகின்றது. விளக்கு எரிந்தும் இரசம் நின்றது இதனாலேயே.

மறைவது எங்கே என்பதற்கு மூலக்கூறுகளின் நடத்தையே விடை தரும். திண்மத்தில் மூலக்கூறுகள் அணிவகுத்து நின்று, நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. திரவத்தில் ஒன்றையொன்று விட்டகலாமல், திருவிழாக் கூட்டத்தில் மக்கள் நெருக்குண்டு நகர்வது போல வழுக்கிச் செல்கின்றன. வாயுவிலோ அவை தளையறுத்துப் பாய்கின்றன. நாம் சுவாசிக்கும் வளியின் மூலக்கூறுகள் நம் நாட்டுப் பகல் வெப்பநிலையிற் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் ஓடி, ஒன்றோடொன்று மோதித் திசைமாறியபடி இருக்கின்றன. இவ்வியக்கத்தின் சராசரிச் சத்தியின் அளவையே வெப்பநிலை என்கிறோம். கொதிநீருக்கு ஊட்டும் வெப்பம் மூலக்கூறுகளின் ஓட்டத்தை விரைவாக்குவதிற் செலவாவதில்லை. ஒன்றையொன்று பற்றியிருக்கும் கவர்ச்சியை அறுத்து அவற்றைப் பிரிப்பதிற் செலவாகின்றது. ஓட்டம் கூடாதபோது இரசம் எவ்வாறு ஏறும்?

பிரிக்கச் செலவான சத்தி ஆவியுடன் போகின்றது. ஆவி ஒடுங்கும்போது ஒரு கலோரியும் குறையாமல் திரும்பி வருகின்றது. நம் அடுக்களையில் நீத்துப்பெட்டியில் வைத்த பிட்டு அவிவது இத்திரும்பி வந்த வெப்பத்தினாலேயே. குளிர்ந்த மாவிற் படியும் ஒவ்வொரு கிராம் ஆவியும் நீராகி 540 கலோரியை அங்கே இறக்கிவிடுகின்றது. கொதிநீர் கையிற் பட்டதிலும் ஆவி பட்ட புண் கொடிதாவதும் இதனாலேதான். கொதிநீர் ஒரு கிராம் உடம்பின் வெப்பநிலைக்குக் குளிரும்போது 63 கலோரி தரும். ஆவி அதனோடு மேலும் 540 தரும். பானையின் மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுமாறு பெண்கள் பிள்ளைகளை எச்சரிப்பது வீண் அச்சமன்று.

நீர் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டும் என்பதும் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் ஒரே வேகத்தில் நடவாதது போல, குளிர்ந்த நீரிலும் விரைவு மிக்க மூலக்கூறுகள் சில உண்டு. அவை மேற்பரப்பை விட்டுத் தாவிவிடுகின்றன. பின்தங்கியவற்றின் சராசரி வேகம் குறைகின்றது. மண்குடத்து நீர் குளிர்வதும், வியர்வை உலர உடல் குளிர்வதும், உப்பளப் பாத்தியிற் கடல்நீர் கொதியாமலே வற்றி உப்பு விளைவதும் இவ்வாறே. கொதித்தல் என்பது இவ்வாவியின் அமுக்கம் வெளியே அழுத்தும் வளிமண்டலத்தின் அமுக்கத்துக்குச் சமமாகும் நிலை. அப்போதுதான் நீரின் உள்ளேயே குமிழிகள் தோன்றி நிலைக்க முடிகின்றது.

ஆகவே நூறு பாகை என்பதும் நீரின் மாறாத இயல்பன்று. வெளியமுக்கம் குறைந்தாற் கொதிநிலையும் குறையும். கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கின்றது. என் முதல் நியமனக் காலத்தில் அப்பகுதியில் நான் சமைத்துண்ட நாட்களிற் பருப்பு வேகாததற்கு விறகையும், பின்பு கடைக்காரரையும் குற்றஞ் சொல்லியிருக்கிறேன். நீர் தளதளவென்று கொதித்தால் தீ போதும் என்பது என் எண்ணம். கொதித்தது உண்மை, ஆறு பாகை குறைவாகக் கொதித்தது. அமுக்கச் சமையற்கலன் இதற்கு நேரெதிராகச் செய்கின்றது. அடைபட்ட ஆவி அமுக்கத்தை வளிமண்டலத்தின் இரு மடங்களவு உயர்த்த, கொதிநிலை ஏறத்தாழ 120 பாகைக்கு ஏறுகின்றது.

அமுக்கம் என்று சொன்னதும் வாயுக்களைப் பற்றிப் பேசாமல் அப்பாற் செல்ல இயலாது. உயர்தர வகுப்பு மாணவர்கள் பலர் வாயு விதிகளை மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். கணக்கு என்று வந்ததும் இடறுகின்றனர். றொபேட்டு போயில் 1662 இல் வெளியிட்ட விதியில் இடர்ப்பாடு குறைவு. குறுகிய கை அடைபட்ட வளைகுழாயொன்றில் வளியைச் சிறைப்படுத்தி, நீண்ட கைவழியே இரசத்தை ஊற்றினார். இரச மட்டங்களின் வேறுபாடு ஏறத்தாழ 29 அங்குலமானபோது, அஃதாவது அமுக்கம் இரட்டித்தபோது, வளியின் கனவளவு பாதியாயிற்று. வெப்பநிலை மாறாதவரை அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி வரும் தொகை மாறாது.

இடறுவது அடுத்த விதியில். பிரான்சு தேசத்துச் சாள்சு என்பவர் 1787 அளவிற் கண்டு வெளியிடாது விட்டதையும் சேர்த்து, கே-லூசாக்கு 1802 இல் வெளியிட்ட விதி அது. அமுக்கம் மாறாதிருக்க, எந்த வாயுவும் பூச்சியப் பாகையிலுள்ள கனவளவின் 273 இல் ஒரு பங்கு வீதம் ஒவ்வொரு பாகைக்கும் விரிகின்றது. 20 பாகையிலுள்ள வாயுவை 40 பாகைக்குச் சூடாக்கினாற் கனவளவு எவ்வளவு கூடும் என்று வினவினால், "இரட்டிக்கும்" என்று எழுதுவோர் ஆண்டுதோறும் உளர். வெப்பநிலை இரட்டித்தது என்று அவர்கள் கருதுகின்றனர். செல்சியசு நட்ட பூச்சியம் நீர் உறையும் இடத்தைக் காட்டும் அடையாளமே என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? வாயுவுக்கு அதிலென்ன கவலை? வாயுவின் கனவளவு பூச்சியமாகுமாறு கணக்கைக் கீழ்நோக்கி நீட்டினால் 273 பாகை கீழே, நுட்பமாகச் சொன்னால் 273.15 பாகை கீழே, ஓர் எல்லை தோன்றுகின்றது. அதுவே தனிப்பூச்சியம். அதிலிருந்து எண்ணும் அளவையை 1848 இல் முன்மொழிந்தவர் பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன். அவ்வளவைப்படி நம் வாயு 293 இலிருந்து 313 க்கு ஏறியது. கனவளவு பதினைந்தில் ஒரு பங்களவே கூடும்.

பேருந்தின் ரயர்க் கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. காலையில் 30 பாகையில் மானி 90 இறாத்தல் காட்டுகின்றது. நண்பகல் ஓட்டத்தில் ரயரினுள் வளி 60 பாகையாயிற்று. ரயரின் கனவளவு மாறவில்லை எனக் கொள்க. 180 ஆகும் என்பவன் இரு தவறு செய்கிறான். 90 ஐ 333 ஆற் பெருக்கி 303 ஆல் வகுத்து 99 என்பவன் ஒரு தவறு செய்கிறான். மானி காட்டுவது வெளி வளியமுக்கத்துக்கு மேற்பட்ட மிகை மட்டுமே. வெளியமுக்கமாகிய 15 இறாத்தலைக் கூட்டி 105 என்று தொடங்க வேண்டும். கணித்த பின் அதனைக் கழித்தால் மானியில் ஏறத்தாழ 100 வரும். ரயர் வெடியாமல் ஊர் போய்ச் சேர்வது இந்தப் பத்து இறாத்தலளவிலேயே மாற்றம் நிற்பதால்.

இரண்டு விதிகளையும் இணைத்தால் அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி வருவது தனிவெப்பநிலைக்கு நேர்விகிதசமம் என்றாகும். இதற்கு எப்பொழுதும் முற்றாகக் கீழ்ப்படியும் வாயுவை இலட்சிய வாயு என்பர். அதன் மூலக்கூறுகளுக்கு இடம் வேண்டியதில்லை. அவை ஒன்றையொன்று கவர்வதுமில்லை. இப்படியொரு வாயு உலகில் எங்கும் இல்லை. இல்லாததைக் கற்பிப்பதேன் என்று சலிப்போருக்கு அகத்திணைத் தலைவனை நினைவூட்டுவேன். அவனுக்குப் பெயர் கிடையாது. இன்னான் என்று சுட்ட ஒருவனுமில்லை. ஆயினும் காதலித்தவர் யாவரும் அவனிடம் தம்மைக் காண்கின்றனர். அமுக்கம் குறைந்து வெப்பநிலை உயர்ந்த வாயுக்கள் யாவும் இந்தப் பெயரில்லாத வாயுவைப் போலவே நடக்கின்றன. விலகும்போதுதான் ஒவ்வொன்றும் தன் சொந்த முகத்தைக் காட்டுகின்றது.

இலட்சிய வாயுவிடம் ஒரு குறை உண்டு. மூலக்கூறுகளிடையே கவர்ச்சி இல்லாமையால் எவ்வளவு அமுக்கினாலும் எவ்வளவு குளிர்த்தினாலும் அது திரவமாகாது. உலகத்து வாயுக்கள் எல்லாம் அத்தகையனவாயின் முகிலும் இல்லை, மழையும் இல்லை. பெல்பாஸ்ற் நகரத்து அறிஞர் தொமசு அன்றூசு காபனீரொட்சைட்டை ஆராய்ந்து 1869 இல் ஓர் உண்மையை நிறுவினார். 31 பாகைக்குக் கீழே அதனை அமுக்கித் திரவமாக்கலாம். அதற்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் திரவம் பிரியாது. இதனை அவதி வெப்பநிலை என்பர். நம் நாட்டின் தாழ்நிலங்களிற் பகல் வெப்பநிலை 31 பாகையை அடிக்கடி தாண்டுவதால், தீயணைக்க வைத்திருக்கும் காபனீரொட்சைட்டு உருளையினுள் விடியலில் இருந்த திரவம் நண்பகலில் திரவமாக இராது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இப்போது வீட்டில் இருக்கும் மற்றோர் உருளையைப் பாருங்கள். சமையல் வாயு எனப்படுவது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்த கலவை. இவற்றின் அவதி வெப்பநிலைகள் முறையே ஏறத்தாழ 97, 152 பாகை. எனவே நம் வெயிலிலும் இவை மிதமான அமுக்கத்திலே திரவமாக அடங்கிக் கிடக்கின்றன. உருளையின் அடியில் திரவமும் மேலே அதன் ஆவியும் உள்ளன. ஒரு துளி திரவம் எஞ்சியிருக்கும் வரை, வெப்பநிலை மாறாதாயின், ஆவியின் அமுக்கமும் ஏறத்தாழ மாறாது. ஆதலால் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அமுக்கமானி சொல்லாது, நிறைதான் சொல்லும். இலட்சிய வாயுவின் கணக்கை இங்கே போடும் மாணவன், பாதி செலவானபின் அமுக்கமும் பாதியாகும் என்று எழுதிப் புள்ளியை இழப்பான். அடுப்பு நெடுநேரம் எரியும்போது உருளையின் கீழ்ப்பகுதி குளிர்ந்து வியர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே திரவம் ஆவியாகின்றது. அதற்கு வேண்டிய மறைவெப்பத்தை உருளையிடமிருந்தும் அறையின் வளியிடமிருந்தும் அது வாங்குகின்றது. பிளாக்கின் பனிக்கட்டி மண்டபத்திடம் வாங்கியதும் இதுவே.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டின் பல பாகங்களிற் சமையல் வாயு வெடிப்புகள் நிகழ்ந்து உயிர்ச்சேதமும் உண்டானதை எவரும் மறந்திரார். கலவையிற் புரொப்பேனின் பங்கு கூட்டப்பட்டமை பற்றி அப்போது நாடெங்கும் பேச்செழுந்தது. பங்கு கூடினால் என்ன என்று பலர் கேட்டனர். விடை பாடநூலிலேயே இருந்தது. 30 பாகையிற் பியூற்றேனின் ஆவியமுக்கம் வளிமண்டலத்தைப்போல ஏறத்தாழ 3 மடங்கு. புரொப்பேனுடையதோ ஏறத்தாழ 11 மடங்கு. மூலக்கூற்று எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு புரொப்பேன் உள்ள கலவை ஏறத்தாழ நாலரை மடங்கு அமுக்கம் தரும். சரிபாதியாயின் ஏறத்தாழ ஏழு மடங்கு. குழாய், பூட்டு, சீராக்கி யாவும் அம்மேலதிக அமுக்கத்தைத் தாங்க வேண்டும். கசிவு ஏற்படின் அதே துளை வழியே கூடுதலான வாயு வெளிவரும்.

வெளிவந்த வாயு என்ன செய்யும் என்பதும் வாயு விதியிலேயே உள்ளது. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் மூலக்கூறுகள் சம எண்ணிக்கையில் இருக்கும் என்பது அவகாதரோவின் கருதுகோள். வளியின் மூலக்கூறு சராசரி 29 அலகு நிறையுடையது. புரொப்பேன் 44, பியூற்றேன் 58. எனவே கசிந்த வாயு வளியிலும் பாரமானது. அது முகட்டுக்கு ஏறாமல் தரையிலும் அலுமாரியின் அடியிலும் தேங்கும். ஓர் இலீற்றர் திரவம் ஏறத்தாழ 250 இலீற்றர் வாயுவாக விரிந்து தேங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்க. மணம் வீசினால் உருளையின் வாயிலை மூடிக் கதவுகளை அகலத் திறக்க வேண்டும், மின் ஆளியைத் தொடலாகாது, விசிறியைப் போடலாகாது. மேல் யன்னலை மட்டும் திறந்துவிட்டு ஆளியைத் தட்டுவோர் வாயு மேலே போய்விட்டது என்று நம்புகின்றனர்.

இத்தனையும் அந்த வகுப்பில் ஒரே நாளிற் சொன்னேன் என்று எண்ணவேண்டாம். மறுநாள் நான் சொன்னது பிளாக்கின் கதை மட்டுமே. பனிக்கட்டிக்குச் செய்தது போலவே 1762 இல் அவர் கொதிநீருக்கும் கடிகாரம் வைத்தார். தகரப் பாத்திரத்தில் 50 பரனைற்றுப் பாகையில் வைத்த நீர் நான்கு நிமிடத்திற் கொதித்து, மேலும் இருபது நிமிடத்தில் முழுவதும் வற்றியது. நான்கு நிமிடத்தில் 162 பாகை என்றால் இருபது நிமிடத்துக்கு 810. இன்றைய விடை 970 அளவு.

அம்மாணவன் அதனை வீட்டிற் செய்து பார்த்தான். மின்னடுப்பின் மேல் அலுமினியப் பாத்திரத்தில் 30 பாகை நீர் கொதிக்கப் பன்னிரண்டு நிமிடம். வற்றுவதற்கு எண்பத்துநான்கு நிமிடம். 70 பாகை ஏறப் பன்னிரண்டு என்றால் எண்பத்துநான்குக்கு 490 வரும். 540 எங்கே என்று என்னிடமே வந்து நின்றான். இம்முறை நான் விடை சொல்லவில்லை, தெரிந்தும் சொல்லவில்லை. இரண்டு நாட் கழித்து அவனே வந்து, முதற் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பகுதி அடுப்பின் தகட்டையும் பாத்திரத்தையும் சூடாக்கவே போயிற்று, ஆகையால் நீருக்குக் கிடைத்த வீதத்தைக் குறைத்துக் கணித்துவிட்டேன், ஐயா என்றான். தகட்டை முதலிலே சூடாக்கி வைத்துப் பின்னரே பாத்திரத்தை ஏற்றிப் பரிசோதனையைத் திரும்பச் செய்யப் போவதாகவும் சொன்னான்.

திரும்பச் செய்யக் கிடைக்கவில்லை. முதல் நாளிலேயே, நீர் வற்றிய நேரத்தைக் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவன் அடுப்பை நிறுத்த மறந்துவிட்டானாம். நீர் இருந்தவரை நூறு பாகையிற் கட்டுண்டு கிடந்த பாத்திரம், கட்டு அறுந்ததும் சில நிமிடங்களிற் கருகி அடி வளைந்துவிட்டது. தாயார் அந்தப் பாத்திரத்தைப் பாடசாலைக்கே கொடுத்தனுப்பிவிட்டார். இன்றும் அது ஆய்வுகூடத்து அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றது. மறைவெப்பம் கற்பிக்கும் நாளில் அதனை வெளியே எடுக்கிறார்கள்.